மடித்த முனை

புதுவயலில் நெல் அவிக்கும் வாடை
பூசைக்கும் வரும்.
மாதத்தின் முதல் சனிக்கிழமை
பாதர் பைக் ஏறிப் போன பிறகு
கெபிக்குப் பின்னால் பாய் விரித்து
இருபது பேர் உட்காருவோம்,
ஜெபமாலை மாதா சபை.
சந்தா பத்து ரூபாய்.
பாக்கி வைத்தவர்கள் ஏழு பேர்;
பெயர் சொல்ல மாட்டேன், நோட்டில் இருக்கிறது.

நோட்டு என்னிடம். டப்பாவும் என்னிடம்.
துருப்பிடித்த பிஸ்கட் டப்பா,
உள்ளே இருபது சீட்டு,
சீட்டுக்கொரு மறைபொருள்.
யாருக்கு எது விழுகிறதோ
அதைத் தியானித்து அந்த மாதம் முழுக்க
நாளுக்குப் பத்து மணி.

உபகாரமேரி களத்தில் நெல்லைக்
காலால் கிண்டிக்கொண்டே சொல்வாள்.
சூசைமாணிக்கம் லாரிக்குத் தார்ப்பாய் கட்டும்போது.
காரைக்குடி பஸ்ஸில் நின்றபடி பாக்கியசீலி டீச்சர்.
இன்னாசியம்மா மாத்திரை மயக்கத்தில் ஆறாம் மணியில் தூங்கி
மறுநாள் நாலு மணி கடன் அடைப்பாள்.
இப்படித் துண்டு துண்டாக
தினமும் ஒரு முழு மாலை
ஊரைச் சுற்றி வரும், யார் கண்ணிலும் படாமல்.

மதலேன் மட்டும் சீட்டை மாற்றுவாள்.
பிரிப்பாள், பார்ப்பாள், எழுந்து போவாள்,
யார் காதிலோ ஏதோ கேட்பாள்.
"விழுந்த சீட்டு ஆண்டவர் கொடுத்தது"
என்று ஒருமுறை சத்தம்கூடப் போட்டேன்.
"சரிக்கா" என்றாள்.
அடுத்த மாதமும் மாற்றினாள்.

ஆண்டுக் கணக்கு முடிக்க
ஒரு மழை ராத்திரி நோட்டைப் புரட்டினேன்.
நாலு வருடம்.
அவள் பெயருக்கு நேரே
அடித்து அடித்து நான் எழுதியிருந்தது
ஒரே வரி:
மகிழ்ச்சி, ஐந்து.
காணாமற்போன பாலனைக் கோவிலில் கண்டடைந்தது.

அவள் மகன் அருளானந்து
போர்வெல் லாரியில் போனவன்.
சத்தீஸ்கர் என்றான்,
பிறகு வாயில் நுழையாத ஓர் ஊர்,
பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை.
ஊருக்கே தெரியும்.
நாற்பத்தெட்டு முறை எழுதிய கை
ஒருமுறையும் யோசிக்கவில்லை.

மாதாவுக்கு மூன்று நாள்தான்.

அடுத்த மாதம் அந்தச் சீட்டின் முனையை
நகத்தால் அழுத்தி மடித்தேன்.
பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவில்லை.
டப்பாவை முதலில் அவளிடம் நீட்டினேன்.
விரல் உள்ளே போனது, தடவியது, நின்றது.
என்னைப் பார்க்கவில்லை. எடுத்தாள்.
எழுந்து போகவில்லை.
இரண்டு வருடம் இப்படியே.
"மதலேனுக்கு ராசி" என்றார்கள்.

கண்டனூரில் பூட்டிக் கிடக்கும் செட்டியார் வீடொன்றை
வாரம் ஒருநாள் திறந்து பெருக்குகிறவள் அவள்.
இரண்டாங்கட்டில் நின்று மணி சொல்வாளாம்.
"முன்பாதி நான் சொல்லி நிறுத்துனா
பின்பாதி வேற யாரோ சொல்ற மாதிரி
சத்தம் திரும்பி வரும்க்கா."
என்னிடம் அவள் பேசியதில்
நீளமானது அதுதான்.

போன அக்டோபரில்
விரல் உள்ளே போனது, தடவியது, நின்றது.
மடித்த முனையை விட்டுவிட்டு
அடியிலிருந்து ஒன்றை எடுத்தாள்.
துயரம், நான்கு. சிலுவை சுமந்தது.
முந்தானையில் முடிந்துகொண்டாள்.
சந்தா பத்து, பழைய பாக்கி முப்பது,
எண்ணி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தகவல் வந்ததா, என்ன தகவல்,
அல்லது தகவலே வராது என்று
அவளே முடிவு கட்டிக்கொண்டாளா?
கேட்க வாய் வரவில்லை.
டப்பா சுற்றி வந்தது.
எத்தனையோ விரல் போயும்
அந்தச் சீட்டு அப்படியே கிடந்தது.
கடைசிச் சீட்டு செயலாளருக்கு.

என் பிள்ளைகள் இரண்டும் வீட்டில்தான்.
ஒன்று போனில், ஒன்று டிவி முன்னால்.
சோறு வடித்துவிட்டு மணியைப் பிடிக்கிறேன்.
முனையை நீவி நீவிப் பார்த்தாயிற்று,
கோடு போகவில்லை.
முன்பாதி சொல்கிறேன்.
நிறுத்துகிறேன்.
எங்கள் வீடு சின்னது,
எதுவும் திரும்பி வராது.
ஆனாலும் கொஞ்ச நேரம் விட்டுத்தான்
பின்பாதியைச் சொல்கிறேன்.